தோற்று வந்தவர்களுக்கு வைத்த நிறைகுடம்

சாவுச் செய்தி தொலைபேசியில்தான் வந்தது. செவ்வாய்க்கிழமை, இரண்டாம் பாடவேளை. அதிபரின் அறைக்குப் பக்கத்தில் உள்ள நூலகத்தில் புதிதாக வந்த புத்தகங்களுக்கு நான் உறை போட்டுக்கொண்டிருந்தேன். மணி அடித்தது. அதிபர் எடுத்தார். "ஓம்... ஓம்... எப்ப?" என்றார். கதவைத் திறந்து வெளியே வந்தவர் என்னைக் கண்டதும் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"யசிந்தா காலமை ஆஸ்பத்திரியில மோசம் போயிட்டாவாம், பிள்ளை. நீர் போய் உங்கட வலைப்பந்து ரீச்சருக்குச் சொல்லும்."

மூன்று கிழமையாகவே தொலைபேசி நிலையத்திலிருந்து வேறொரு குரல்தான் எங்களிடம் இலக்கம் கேட்டுக்கொண்டிருந்தது. அது நல்ல குரல்; மரியாதையான குரல். ஆனால் அதிபர் தொலைபேசியை எடுத்ததும், "அம்மா, இண்டைக்கு வெய்யில் கூட. பிள்ளையளை நாலு மணிக்கு முன்னம் மைதானத்தில விடாதேங்கோ" என்று இலக்கம் கேட்பதற்கு முன்னரே சொல்லிவிடும் குரல் அது அல்ல. தீவுப்பகுதியில் தொலைபேசி வைத்திருந்த எல்லோருக்கும் யசிந்தா அக்காவின் குரல் தெரியும். முகம் தெரிந்தவர்கள் குறைவு.

இந்தப் பழைய மாணவியர் மலரைப் படிக்கும் உங்களுள் பலர் அவரோடு ஒரே அணியில் விளையாடியவர்கள். நான் அப்படியல்ல. அவர் எங்கள் பள்ளிக்கூடத்து வலைப்பந்து அணிக்குக் கோல் போட்ட காலத்தில் நான் சரவணைக் கிராமத்தில் தவழ்ந்துகொண்டிருந்தேன். வளர்ந்த பிறகும் நான் பந்தைத் தொட்டவளல்ல. ஓடினால் மூச்சு வாங்கும். பந்து வந்தால் கண்ணை மூடிக்கொள்வேன். கையெழுத்து நன்றாக இருந்ததால் ஏழாம் வகுப்பில் என்னைப் புள்ளி எழுதும் வேலைக்கு எடுத்தார்கள். அதனால் அவரைப் பற்றி எழுத எனக்கு என்ன உரிமை என்று நீங்கள் கேட்கலாம்.

எனக்கு ஒரு காரணம் உண்டு. நம் பள்ளிக்கூடத்தில் எல்லோரும் சொல்லிச் சிரிக்கும் "யசிந்தாவின் பிழை" என்ற கதை உங்களுக்குத் தெரியும். இறுதிப்போட்டியில் தோற்று வந்த அணிக்கு வேலணைச் சந்தியில் நிறைகுடம் வைத்து வரவேற்பு நடந்த கதை. தோற்ற ஆட்டத்தை வென்றதாக ஊருக்கெல்லாம் தொலைபேசியில் சொன்னது யசிந்தா அக்கா என்பது கதை. அந்தப் பிழை அவருடையதல்ல. என்னுடையது. நான்கு வருடமாக நான் அதை வெளியே சொல்லவில்லை. இப்போது அதை முழுவதுமாக, முறையாக எழுதி அவருடைய பெயரை அந்தக் கதையிலிருந்து எடுத்துவிட விரும்புகிறேன்.

நான் அவரை முதன்முதலில் கண்டது மைதானத்தில். காலை முறை வேலை முடிந்து நேரே சைக்கிளில் வந்திருந்தார். தலையில் மாட்டும் கேள்கருவி அழுத்திய தடம் தலைமயிரில் அப்படியே இருந்தது. கோல் கம்பத்தின் அடியில் போய் நின்றுகொண்டு, பிள்ளைகள் எறியும் பந்துகளைப் பிடித்துப் பிடித்துத் திருப்பிக் கொடுத்தார். ஒரு மணித்தியாலம் அதையே செய்தார். எப்படி எறிய வேண்டும் என்று ஒருவருக்கும் ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் ரீச்சர் அவரிடம், நீர் இத்தனை வருடம் விளையாடியவர், ஏதும் சொல்லிக் கொடும் என்று கேட்டபோது அவர் சிரித்தார்.

"நான் பந்து பொறுக்க வந்தனான், ரீச்சர். நான் வாய் திறந்தா எல்லாரும் என்னை மாதிரி எறிவினம். பிறகு எல்லாருக்கும் தோள் நோகும்."

அந்தக் கம்பத்தில் தொங்கிய வலையும் அவருடைய வீட்டில் பின்னியதுதான். கடையில் வாங்கிய வலை ஒரு மழைக்குள் இற்றுப்போனதும், அவருடைய ஐயா கடற்றொழிலுக்கு வைத்திருந்த நைலோன் நூலில் இரண்டு வலை பின்னிக் கொடுத்தார். யாழ்ப்பாணத்திலிருந்து விளையாட வந்த பிள்ளைகள் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டு, இது மீன் பிடிக்கிற வலையோ என்று கேட்டார்கள். யசிந்தா அக்கா கம்பத்தடியில் நின்றபடியே, "ஓம் பிள்ளையள், இந்த வலையில இப்ப மீன் குறைவு. அதுதான் உங்களைக் கூப்பிட்டனாங்கள்" என்றார். அன்று எங்கள் பிள்ளைகள் வென்றார்கள். சிரித்துக்கொண்டே விளையாடியதால் வென்றார்கள் என்று நான் நினைக்கிறேன்.

பழைய ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவரும் ஒவ்வொரு இடத்தில் இருந்தார்கள். ஒருவர் நயினாதீவில் படிப்பித்தார். ஒருவர் கொழும்பில் கந்தோரில் வேலை. தவமணி அக்கா சரவணையில் கல்யாணம் முடித்துத் தோட்டமும் மாடும் மூன்று பிள்ளைகளுமாக இருந்தார். இவர்களை ஒரு அணியாகவே வைத்திருந்தது யசிந்தா அக்காவின் தொலைபேசிப் பலகைதான். போட்டி நடக்கும் சனிக்கிழமைகளில், பின்னேரம் ஐந்து மணிக்குப் பிறகு அவர்கள் ஒவ்வொருவரும் ஏதோ ஒரு தொலைபேசிக்குப் பக்கத்தில் ஏதோ ஒரு சாட்டில் நிற்பார்கள். நயினாதீவு அக்கா தபாற்கந்தோர்க்காரர் வீட்டில் கதை கேட்டுக்கொண்டிருப்பார். தவமணி அக்கா கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் வாங்கி முடிக்காமல் வாங்கிக்கொண்டே இருப்பார். லைன் சும்மா இருக்கும் நேரம் பார்த்து யசிந்தா அக்கா ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "வெண்டிட்டம்" அல்லது "தோத்திட்டம்" என்று ஒரு சொல் சொல்லிவிட்டு வைத்துவிடுவார். மொத்தம் ஒன்பது பேர்.

அந்தச் செய்தியை அவருக்குக் கொடுப்பது என் வேலை. யாழ்ப்பாணத்தில் போட்டி நடக்கும் மைதானத்துக்கு எதிரே ஒரு மருந்துக்கடை இருந்தது. ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய் அங்கிருந்து தொலைபேசி அழைப்புக்குப் பதிவு செய்வேன். தீவுக்குப் போகும் லைன் கிடைக்க அரை மணித்தியாலம் செல்லும். அதுவரை பஸ் எனக்காக நிற்க வேண்டும். ரீச்சர் கோபிப்பார், பிள்ளைகள் பசியில் முகத்தைத் தூக்கி வைத்திருப்பார்கள்.

இறுதிப்போட்டி அன்று நான் ஒரு புத்திசாலித்தனம் செய்தேன். எங்கள் பள்ளிக்கூடம் அதற்கு முன்னர் இறுதிப்போட்டிக்கு வந்ததே இல்லை. அன்று பஸ் தாமதிக்கக் கூடாது, செய்தியும் தாமதிக்கக் கூடாது. லைன் வர அரை மணித்தியாலம். இரண்டாம் பாதி முடியவும் கிட்டத்தட்ட அவ்வளவு நேரம். ஆகவே இடைவேளையிலேயே போய் அழைப்புக்குப் பதிவு செய்தேன். எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி இவ்வளவு யோசித்திருக்கிறாளே என்று எனக்கே என்னைப் பிடித்திருந்தது.

லைன் இருபது நிமிடத்திலேயே வந்துவிட்டது. மருந்துக்கடை ஐயா வாசலில் நின்று இரண்டு கையையும் ஆட்டி என்னைக் கூப்பிட்டார். புள்ளிப் புத்தகத்தைப் பக்கத்தில் இருந்த பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஓடினேன். அப்போது நாங்கள் நான்கு கோல் முன்னுக்கு நின்றோம். இன்னும் சில நிமிட ஆட்டம் இருந்தது. காதில் தொலைபேசியை வைத்தவுடன் யசிந்தா அக்காவின் குரல்.

"என்ன, எங்கட புள்ளிக் கிளாக்கரோ? சொல்லும்."

"வெண்டிட்டம் அக்கா. நாலு கோலால."

பலகையில் ஏதோ செருகும் சத்தம் கேட்டது. பிறகு கேட்டார்.

"முடிஞ்சுதோ?"

முடியவில்லை என்று சொன்னால் லைன் போய்விடும். மறுபடி கிடைக்க எவ்வளவு நேரம் செல்லுமோ தெரியாது. நான்கு கோல் முன்னுக்கு நிற்கிறோம். ஒன்பது பேர் ஒன்பது இடத்தில் காத்து நிற்கிறார்கள். இவையெல்லாம் நான் பிறகு யோசித்துக் கண்டுபிடித்த காரணங்கள். அந்த நேரத்தில் எனக்கு இருந்தது ஒரு ஆசைதான். முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்ற ஆசை.

"ஓம்" என்றேன்.

நான் திரும்பி மைதானத்துக்கு வந்தபோது எங்கள் அணித்தலைவி கணுக்கால் சுளுக்கித் தரையில் இருந்தாள். அவளுக்குப் பதிலாக இறங்கிய பிள்ளை எறிந்த பந்துகள் வளையத்தில் பட்டுத் திரும்பின. மற்ற அணி ஒன்று, இரண்டு, மூன்று என்று போட்டுக்கொண்டே வந்தது. ஒரு கோல் வித்தியாசத்தில் நாங்கள் தோற்றோம். நடுவர் கடைசி விசில் ஊதியபோது நான் எங்கள் தோல்வியை நினைக்கவில்லை. தீவு முழுக்கப் போய்க்கொண்டிருந்த என் சொல்லை நினைத்தேன்.

மருந்துக்கடைக்கு மறுபடி ஓடினேன். சனிக்கிழமை பின்னேரம், லைன் இல்லை, காத்திருக்க வேண்டும் என்றார்கள். பஸ் காத்திருக்கவில்லை. வழியெல்லாம் ரீச்சரிடம் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். பண்ணைப் பாலத்தில் சொல்ல நினைத்தேன். மண்டைதீவுச் சந்தி தாண்டியதும் சொல்ல நினைத்தேன். பிள்ளைகள் அழுதுகொண்டிருந்தார்கள். அந்த அழுகைக்குள் என் கதையை எப்படிச் சொல்வது என்று தெரியாமல் புள்ளிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தேன்.

வேலணைச் சந்தியில் சாரதி பஸ்ஸை நிறுத்தினார். நிறுத்தாமல் போக வழியில்லை. தெருவை மறித்து மேசை. மேசையில் வெள்ளை விரித்து நிறைகுடம், மாவிலை, தேங்காய், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு. தவமணி அக்கா கையில் மாலையோடு நின்றார். அவருடைய மனிசன் பூவரச மரத்தில் சீனவெடிக் கோவை ஒன்றைத் தொங்கவிட்டிருந்தார். ஐம்பது அறுபது பேர் இருக்கும். பஸ்ஸுக்குள் இருந்த பிள்ளைகள் தங்களைப் பகிடி பண்ணுகிறார்கள் என்று நினைத்து இன்னும் அழுதார்கள்.

ரீச்சர் இறங்கிப்போய் மெல்லிய குரலில், நாங்கள் தோற்றுப்போனோம் என்றார். தவமணி அக்கா மாலையைக் கீழே இறக்காமலே கேட்டார்.

"அப்ப வெண்டதெண்டு ஆர் சொன்னது?"

யசிந்தா அக்கா அப்போதுதான் வேலை முடிந்து சைக்கிளில் வந்து சேர்ந்திருந்தார். எல்லோரும் அவரைப் பார்த்தார்கள். அவர் பஸ்ஸைப் பார்த்தார். நான் யன்னலோரம் இருந்தேன். என் வாய் திறந்திருந்தது. சத்தம் வரவில்லை. அவர் என்னைப் பார்த்தது ஒரு கணந்தான்.

"நான்தான்" என்றார். "நாலு கோல் முன்னுக்கு நிக்கிறம் எண்டு கேட்ட உடன நான் அந்தரப்பட்டுட்டன்."

"விசருக்குப் பிறந்தவளே" என்றார் தவமணி அக்கா. "வெடி கட்டியாச்சு. இப்ப என்ன செய்யிறது?"

"கொளுத்துங்கோ. வைச்சா நனைஞ்சு போம்."

சிலர் சிரித்தார்கள். யசிந்தா அக்கா சைக்கிளை மதிலில் சாய்த்துவிட்டு, தவமணி அக்காவின் கையிலிருந்த மாலையை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்குள் ஏறினார். சுளுக்கிய காலோடு இருந்த அணித்தலைவியின் கழுத்தில் அதைப் போட்டார். "கும்பம் வைச்சது வைச்சதுதான். பிள்ளையள் வீட்டுக்கு வந்திருக்குதுகள். ஒவ்வொரு ஆளா இறங்குங்கோ, தேத்தண்ணி ஆறுது" என்றார். என்னைத் தாண்டிப் போகும்போது என் தோளைத் தொட்டு, "நீரும்தான், இறங்கும்" என்றார். வெடி வெடித்தது. தோற்ற பிள்ளைகள் வடை தின்றார்கள். நான் ஒரு வடையைக் கையில் வைத்துக்கொண்டே நின்றேன்.

அது அங்கே முடிந்திருந்தால் நான் இதை எழுதத் தேவையில்லை. அந்த வரவேற்புக்காகக் கடை பூட்டி வந்த யாரோ ஒருவர், அரசாங்கத் தொலைபேசியில் பள்ளிக்கூடச் செய்தி சொல்லி ஊரை ஏமாற்றியதாக மேலிடத்துக்கு எழுதிவிட்டார். விசாரணைக்கு ஒரு அதிகாரி வரப்போகிறார் என்று ரீச்சர் வகுப்பில் சொன்னார். யசிந்தா அக்காவின் வீட்டில் மாதச் சம்பளம் எடுப்பவர் அவர் ஒருவர்தான் என்பதும், கடலுக்குப் போகும் ஐயாவுக்கு அந்த வருடம் சுகமில்லை என்பதும் எனக்குத் தெரியும். புதன்கிழமை பள்ளிக்கூடம் விட்டதும் அவருடைய வேலையிடத்துக்கு நடந்து போனேன். அதிகாரியிடம் நானே சொல்லப்போகிறேன் என்றேன். சொல்லி முடிப்பதற்குள் அழுதுவிட்டேன்.

அவர் என்னை வாசலில் இருந்த மர வாங்கில் இருத்தித் தண்ணீர் கொடுத்தார்.

"என்ன சொல்லப்போறீர்? நீர் ஒரு ஓம் சொன்னனீர். லைனை இழுத்து ஒன்பது பேருக்குச் சொன்னது ஆர்? அதைத்தான் அவையள் விசாரிக்கினம். அதில உம்மட பங்கு ஒண்டும் இல்லை."

"நான் பொய் சொன்னதாலதானே, அக்கா."

அவர் உள்ளே திரும்பிப் பலகையை ஒருமுறை பார்த்தார். விளக்கு எதுவும் எரியவில்லை.

"இஞ்ச கேளும். நீர் ஓம் எண்டு சொல்லேக்க எனக்கு உம்மட குரலுக்குப் பின்னால விசில் கேட்டது. ஆக்கள் கத்துறதும் கேட்டது. முடிஞ்ச ஆட்டத்தில ஆர் விசில் ஊதுறது? நான் திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கேல்லை. எனக்கும் வெல்லவேணும் போல கிடந்தது. பதினைஞ்சு வருசமாக் கிடந்தது."

நான் குடித்து முடித்த கோப்பையை அவர் வாங்கிக்கொண்டார்.

"பந்து என்ர கைக்கு வந்த பிறகு விழுந்தா, விட்டது நான்தான். எறிஞ்ச ஆளைப் பாத்துக் கத்துறது எங்கட அணியில வழக்கமில்லை. நீர் எங்கட அணிதானே?"

பந்தைத் தொடாத என்னை அணி என்று சொன்னவர் அதற்கு முன்னர் யாரும் இல்லை.

எச்சரிக்கைக் கடிதமும் ஒரு வருட இடமாற்றமும் அவருக்குக் கிடைத்தன. வன்னிப் பக்கம் போனார். போகும்போது, தீவில் பிறந்த தனக்குக் கடல் இல்லாத ஊரைக் காட்ட அரசாங்கம் செலவு செய்கிறது என்று சொல்லிச் சிரித்தாராம். போட்டி வந்தால் முதல் நாளே லீவு எடுத்து மூன்று பஸ் மாறி யாழ்ப்பாணம் வந்துவிடுவார். ஆட்டம் முடிந்ததும் அதே வழியில் திரும்பிப் போவார். வீட்டுக்குப் போக நேரம் இருக்காது. கம்பத்தடியில் பந்து பொறுக்கியபடி அவர் நின்ற நாள்களில் நான் புள்ளிப் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே கூச்சப்பட்டேன். அவரோ ஒவ்வொரு முறையும் வந்து எட்டிப் பார்த்து, "கிளாக்கர், எழுத்து வடிவாயிருக்கு" என்று சொல்லிவிட்டுப் போவார்.

அவர் போன பிறகு பலகையில் இருந்தவர்கள் சட்டம் தப்பாதவர்கள். ஒருவருக்கும் செய்தி போகவில்லை. சந்தியில் பிள்ளைகளுக்குத் தேத்தண்ணி கொடுக்க ஒன்றுசேரும் பழைய ஆட்டக்காரர்களுக்கு வருகிற பஸ் வென்ற பஸ்ஸா தோற்ற பஸ்ஸா என்று தெரியாது. தவமணி அக்கா வன்னிக்கு யசிந்தா அக்காவுக்குக் கடிதம் எழுதி, என்ன செய்வதென்று கேட்டார். பதில் வந்தது. "ஆர் வெண்டது ஆர் தோத்தது எண்டதைப் பிறகு பாக்கலாம். நீ கும்பத்தை வை" என்று அதில் இருந்தது. தெரியாத பஸ்ஸுக்கு நிறைகுடம் வைக்கும் பழக்கம் அப்படித்தான் வந்தது. எல்லோரும் தேத்தண்ணி குடித்து முடிக்கும்வரை யாரும் முடிவைக் கேட்கக் கூடாது என்ற ஒழுங்கும் அதோடு சேர்ந்து வந்தது. அடுத்த வருடம் நாங்கள் கிண்ணத்தோடு வந்தபோது அதைப் பைக்குள் ஒளித்து வைத்துக்கொண்டு வடை தின்ற சுகத்தைப் பிள்ளைகள் இன்றைக்கும் சொல்வார்கள். வேறு பள்ளிக்கூடங்கள், தோற்றாலும் கும்பம் வைக்கும் விசித்திரமான கூட்டம் என்று எங்களைச் சொல்கின்றன. சொல்லட்டும். எங்கள் பிள்ளைகள் வீடு திரும்பப் பயப்படுவதில்லை.

இடமாற்றம் முடிந்து யசிந்தா அக்கா வந்த பிறகு ஒவ்வொரு ஒன்றுகூடலிலும் அந்தக் கதை வந்தது. தவமணி அக்காதான் தொடங்குவார். "யசிந்தா சொன்னா ஆட்டம் துவங்கமுன்னமே முடிஞ்சிடும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். யசிந்தா அக்கா எல்லோரையும் விடப் பெரிதாகச் சிரிப்பார். நானும் சிரித்தேன். அதை எழுதும்போதுதான் எனக்கு மிகவும் கூச்சமாக இருக்கிறது.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோது அம்மாவோடு போய்ப் பார்த்தேன். மெலிந்திருந்தார். "எனக்கும் ஒரு நம்பர் தந்திருக்கினம், பாத்தீரோ?" என்று கட்டிலில் எழுதியிருந்த இலக்கத்தைக் காட்டினார். அதற்கு முந்திய சனிக்கிழமை ஆட்டத்தைப் பற்றிக் கேட்டார். யார் எத்தனை கோல் என்று நான் சொல்லச் சொல்லக் கண்ணை மூடிக் கேட்டுக்கொண்டிருந்தார். அம்மா தண்ணீர் எடுக்க வெளியே போனபோது, நான் எல்லோரிடமும் உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன்.

"தவமணிக்கு மட்டும் சொல்லாதேயும்" என்றார். "என்னைப் பகிடி பண்ண அவளிட்ட வேற ஒண்டும் இல்லை."

பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "சொல்லவேணும் எண்டு உமக்குப் பட்டாச் சொல்லும், பிள்ளை. எனக்காகச் சொல்லாதேயும். எனக்கு இதில ஒரு குறையும் இல்லை" என்றார். அதுதான் அவர் என்னிடம் கடைசியாகப் பேசியது. அடுத்த கிழமை அவர் போய்விட்டார்.

அடக்கம் முடிந்து எல்லோரும் யசிந்தா அக்கா வீட்டுக்கு வந்த பிறகு, குசினியில் தவமணி அக்கா கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றார். நான் துடைத்து அடுக்கினேன். அப்போது சொன்னேன். முதலில் அவருக்கு விளங்கவில்லை. இரண்டாம் முறை சொன்னேன். அவர் கழுவிய கோப்பையையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

"நாலு வருசம்" என்றார். "ஒவ்வொரு முறையும் நான்தானே துவங்கினனான்."

"அவ சிரிச்சவதானே, அக்கா" என்றேன்.

"ஓம், சிரிச்சவள்." கோப்பையை வைத்தார். "அவள் இருக்கேக்க நீர் இதைச் சொல்லியிருக்கலாம். நான் அவளிட்ட ஒரு சொல்லுச் சொல்லியிருப்பன். இப்ப நான் ஆரிட்டப் போய்ச் சொல்ல?"

கடைசிக் கோப்பையைத் துடைத்து அடுக்கினேன். அதன் பிறகு எட்டு நாள் அவர் என்னோடு பேசவில்லை. ஒன்பதாம் நாள் பள்ளிக்கூட வாசலில் எனக்காக நின்றார். மலருக்கு யசிந்தா அக்காவைப் பற்றி யார் எழுதுவது என்று பழைய மாணவிகள் கூடிப் பேசினார்களாம். "நீர் எழுதும்" என்றார். "நடந்ததை நடந்தபடி எழுதும். என்ர பகிடியையும் எழுதும். என்ர பேரைப் போட்டே எழுதும்." அவர் சொன்னபடி எழுதியிருக்கிறேன்.

சென்ற சனிக்கிழமை அணி யாழ்ப்பாணம் போய் வந்தது. சந்தியில் பஸ் நின்றது. மேசை இருந்தது, விளக்கு இருந்தது, தேத்தண்ணி இருந்தது. எல்லோரும் குடித்து முடித்தார்கள். வழக்கமாக அணித்தலைவிதான் முடிவைச் சொல்வாள். அன்று தவமணி அக்கா என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, நீர் சொல்லும்."

முப்பது பேர் என் முகத்தைப் பார்த்தார்கள். "தோத்திட்டம், அக்கா" என்றேன். "மூண்டு கோலால. நான் கடைசிமட்டும் நிண்டு பாத்தனான்."

"சரி" என்றார் தவமணி அக்கா. "இன்னொரு வடை எடும்."

நான் உண்மை சொல்லத் துணிகிற ஒருத்தியாக வளரும்வரை, என்னை அவசரப்படுத்தாமல், என் இடத்தில் நின்று சிரித்துக்கொண்டிருந்தார் யசிந்தா அக்கா. ஒருநாளும் அதை எனக்கு நினைவூட்டவில்லை. என்னைக் கண்டால் எழுத்து வடிவாயிருக்கிறது என்று மட்டும் சொன்னார். அவரிடமிருந்து நான் வைத்திருப்பது அந்த நான்கு வருடங்கள்தான். நீங்கள் அவரோடு விளையாடியவர்கள். நான் அவருடைய அணியில் இருந்தவள் என்று இனி நானும் சொல்லுவேன்.